இலை எங்கே போகிறது?

ஒக்டோபர் மாதம் ஸ்காபுறோ வீதிகளில் நடந்தால் காலடியில் சரசரவென்று சத்தம் கேட்கும். எல்லாம் மேப்பிள் இலைகள். சனிக்கிழமை காலையில் அப்பா விடமாட்டார். "பிள்ளையள், இலையைக் கூட்டி அள்ளிப் பைக்குள்ள போடுங்கோ" என்பார். மண்ணிறக் கடதாசிப் பை நிரம்பினால் தூக்கவே கஷ்டமாக இருக்கும்.

அந்தப் பாரம் எங்கே இருந்து வந்தது? மண்ணிலிருந்து என்றுதான் பலர் நினைப்பார்கள். ஆனால் காய்ந்த இலையின் பாரத்தில் ஏறக்குறையப் பாதி, காபன் என்னும் பொருள். அது வந்தது காற்றிலிருந்து! காற்றில் காபனீரொட்சைட்டு என்ற வாயு கொஞ்சம் இருக்கிறது. இலை அதை உள்ளே எடுக்கும். தண்ணீரையும் வெயிலையும் கொண்டு அதைச் சீனியாக மாற்றும். இதற்குப் பெயர் ஒளித்தொகுப்பு.

நேற்று இரவு நீங்கள் இடியப்பம் சாப்பிட்டீர்களா? அந்த அரிசியை உண்டாக்கிய நெற்பயிரும் இதையே செய்தது. இப்போது அந்த இடியப்பத்தின் காபன் உங்கள் மூச்சோடு வெளியே போகிறது. நீங்கள் வெளியே விடும் மூச்சில் 100 பங்கில் ஏறக்குறைய 4 பங்கு காபனீரொட்சைட்டு. அது யன்னலால் வெளியே போய்விடும். அடுத்த வைகாசியில் ஒரு மேப்பிள் இலை அதை எடுத்தாலும் எடுக்கும்.

விழுந்த இலை என்ன ஆகும்? மண்ணில் கிடந்தால் உக்கிப் போகும். மண்புழு, பூஞ்சணம், கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா எல்லாம் அதைத் தின்னும். அவையும் மூச்சு விடும். காபன் மறுபடி காற்றுக்குப் போகும். கொஞ்சம் மண்ணிலேயே தங்கி, மண்ணைக் கறுப்பாக்கும். கறுத்த மண் நல்ல மண். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இது தெரியும். அம்மம்மாவிடம் கேட்டால், "ஊரில எண்டா பனையோலையைக்கூட வீசமாட்டம், தோட்டத்துக்குள்ள தாட்டுப்போடுவம்" என்பா. 'தாட்டல்' என்றால் மண்ணுக்குள் புதைத்தல்.

இப்படிக் காற்று, இலை, வாய், மண், மறுபடி காற்று என்று சுற்றுவது வேகமான வட்டம். சில மாதங்களில், சில ஆண்டுகளில் முடிந்துவிடும்.

மெதுவான வட்டமும் ஒன்று இருக்கிறது. புளஃபர்ஸ் பார்க் கரையில் சின்னச் சின்ன மட்டி ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். மட்டிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் காபனை எடுத்துத்தான் ஓடு கட்டுகின்றன. கடலில் இப்படி ஓடு கட்டிய உயிர்கள் செத்து, அடியில் படிந்து, பல மில்லியன் ஆண்டுகளில் சுண்ணாம்புக்கல் ஆகின. யாழ்ப்பாணக் குடாநாடு அப்படிப்பட்ட கல்லின் மேல்தான் இருக்கிறது! 'அடியே இல்லை' என்று ஊரில் சொல்லும் நிலாவரைக் கிணறும் அந்தக் கல்லில் உண்டான பள்ளம்தான்.

குளிர்காலத்தில் பேஸ்மன்றில் 'டப்' என்று பற்றும் ஃபர்னஸில் எரியும் வாயுவும் பழைய காபன்தான். மிகப் பழைய காலத்து உயிர்கள் நிலத்துக்குள் புதைந்து அது உண்டானது. மெதுவான வட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த காபனை நாங்கள் எழுப்பி, ஒரே இரவில் காற்றுக்கு அனுப்புகிறோம். காரில் ஊற்றும் பெற்றோலும் அப்படித்தான்.

அதனால் என்ன? 1958 இல் சார்ள்ஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாயில் மௌனா லோவா என்ற மலையில் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது 10 இலட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடாவதற்கு இது முக்கிய காரணம். நாங்கள் விடுவதில் ஏறக்குறையக் காற்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதனால் கடல் நீரின் தன்மை மாறி, ஓடு கட்டும் உயிர்கள் கஷ்டப்படுகின்றன.

கீலிங்கின் அளவுகளில் ஓர் அழகான விஷயமும் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் வைகாசியில் அளவு உச்சிக்குப் போகும்; பிறகு புரட்டாசி வரை இறங்கும். ஏன்? கனடா போன்ற வடபகுதி நாடுகளில் கோடையில் இலைகள் காபனை இழுக்கின்றன. உங்கள் வீட்டு மேப்பிளுக்கும் அதில் பங்கு உண்டு.

இனி, கையில் இருக்கும் வாழைப்பழத் தோலுக்கு வருவோம். அதைச் சாதாரண குப்பைக்குள் போட்டால், ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தாண்டி, லண்டன் நகருக்கு அருகில் உள்ள கிறீன் லேன் குப்பை நிலத்துக்குப் போகும். காற்றில்லாத ஆழத்தில் உக்கும்போது மெதேன் வாயு வரும். அது காபனீரொட்சைட்டைவிட 25 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும். பிடிக்கக் குழாய்கள் உண்டு, முழுவதும் பிடிபடாது.

கிறீன் பின்னில் போட்டால்? றக்கூன் திறக்காவிட்டால், அது நகரத்தின் ஆலைக்குப் போகும். அங்கே மூடிய தாங்கிகளில் உக்க வைத்து, மெதேனை வெளியே விடாமல் பிடிப்பார்கள். டஃபரின் ஆலையில் 2021 முதல் அதைச் சுத்தமாக்கி எரிவாயுக் குழாய்க்குள் அனுப்புகிறார்கள். அதுவும் அடுப்பில் எரியும். ஆனால் அது போன ஆண்டு காற்றில் இருந்த காபன். நிலத்துக்குள் தூங்கிய காபன் இல்லை. மிஞ்சுவது கூட்டெருவாகி மண்ணுக்குப் போகும்.

செய்து பாருங்கள்

1. மேப்பிள் இலை, பெற்றோல், இடியப்பம், சுண்ணாம்புக்கல்: எது எந்த வட்டத்தில் இருக்கிறது? காரணத்தையும் சொல்லுங்கள்.

2. ஊரில் சமையலறைக் கழிவை எங்கே போட்டார்கள் என்று வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை, சொன்ன மாதிரியே ஐந்து வசனங்களில் எழுதி வாருங்கள்.