கடினப் பாடமா, உயர் மதிப்பெண்ணா?
– நிதித்துறை நாடும் மாணவர்க்கு

பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் உழைத்துப் பிள்ளைகளைப் பட்டப்படிப்பிற்கு அனுப்பும் குடும்பங்கள் பல வாழ்வது விருதுநகர் மாவட்டம். வங்கி, காப்பீடு, தணிக்கை முதலிய பணிகளை நாடும் அப்பிள்ளைகள் கல்லூரியில் சேரும்போதே ஒரு வினாவை எதிர்கொள்கின்றனர். கணிதம், புள்ளியியல் போன்ற கடினப் பாடத்தை ஏற்பதா? தமக்கு எளிதாய் வசப்படும் பாடத்தில் உயர் மதிப்பெண் பெறுவதா? இதனை ஈண்டு ஆராய்வோம்.

மதிப்பெண்ணின் எல்லை

மதிப்பெண் ஒரு வாயிற்படி. அதன் உயரம் பணிக்குப் பணி மாறும். பொதுத்துறை வங்கி அதிகாரிகளுக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வெழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும். ரிசர்வ் வங்கியின் ‘பி’ நிலை அலுவலர் பொதுத் தேர்வுக்கோ பட்டப்படிப்பில் 60 விழுக்காடு வேண்டும். பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50. பட்டயக் கணக்காளர் படிப்பில் அடிப்படைத் தேர்வின்றி இடைநிலையில் நேரே சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55, பிற பட்டதாரிகளுக்கு 60. அறுபது வேண்டப்படும் இடத்தில் 65 பெற்றவரும் 90 பெற்றவரும் ஒருங்கே நுழைவர். 59 பெற்றவர் வெளியே நிற்பார்.

கல்வியின் பயன்

வாயிலைக் கடந்தபின் துணைநிற்பது கற்ற கல்வியே. பட்டாசு ஆண்டு முழுதும் உற்பத்தியாகிறது. விற்பனையோ பெரும்பாலும் தீபாவளியை ஒட்டியே நிகழ்கிறது. இடையில் முதல் முடங்கும்; வட்டி ஏறும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் மாசு குறைந்த பட்டாசுகளுக்கும் பசுமைப் பட்டாசுகளுக்கும் மட்டுமே இசைவளித்தபோது, சிவகாசி தன் வேதிக்கலவையையே மாற்ற நேர்ந்தது. இத்தொழிலுக்குக் கடன் வழங்குபவரும், விபத்துக் காப்பீட்டுக் கட்டணத்தைக் கணிப்பவரும் இடரை எடைபோடத் தெரிந்தவராதல் வேண்டும். அதற்கு நிகழ்தகவும் புள்ளியியலும் பெருந்துணை புரியும். காப்பீட்டுக் கணிப்பாளராகிய ஆக்சுவரிக்கோ அவையே அடித்தளம்.

இதனால் வணிகவியல் தாழ்ந்ததென்பது கருத்தன்று. 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராய் விளங்கிய டாக்டர் சி. ரங்கராஜன் வணிகவியல் பயின்றவர். பின்னர்ப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பொறியியல் பயின்ற ரகுராம் ராஜனும் 2013 முதல் 2016 வரை அப்பதவி வகித்தார்.

செய்யத்தக்கவை

மாணவச் செல்வங்களே! விரும்பும் பணியின் வரம்பை முதலில் அறியுங்கள். அவ்வரம்பிற்கு மேல் ஐந்தாறு விழுக்காடேனும் கூடுதலாய்ப் பெற இயலுமாயின் கடினப் பாடத்தையே ஏற்பீர். இயலாதெனில் வணிகவியலை ஏற்று, புள்ளியியலைத் துணைப்பாடமாகவேனும் கற்பீர். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஒரு விழுக்காட்டுக் குறைவு, மூன்றாண்டு உழைப்பின் பயனையே தடுத்துவிடக் கூடும்.

ஆசிரியப் பெருமக்கள் இவ்வரம்புகளைச் சேர்க்கையின்போதே எடுத்துரைத்தல் நலம். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள்: பரிசும் உதவித்தொகையும் மதிப்பெண்ணை மட்டுமே அளவாகக் கொண்டு வழங்கப்பெறின், பிள்ளைகள் எளிய பாடத்தையே நாடுவர். புள்ளியியலில் 68 பெற்ற மாணவிக்கும் அம்மேடையில் ஓர் இடம் அளியுங்கள்.