தட்டைத் தனியா வைக்காதே, தங்கச்சி

டி.பி. என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் தனியாகப் போவது உன் தட்டும் டம்ளரும்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பயம். ஆனால் இந்த நோய் பாத்திரத்திலோ துணியிலோ ஒட்டி வராது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில்தான் பரவும். அதனால் ஜன்னலைத் திற, டாக்டர் சொல்லும்வரை மாஸ்க் போடு. தட்டை மட்டும் மற்றவர்கள் தட்டோடே கழுவி அடுக்கு. மருந்து ஒழுங்காக வேலை செய்தால் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

அம்மா நம்பவில்லையா? சென்னை சேத்துப்பட்டில் நடந்ததைச் சொல். 1956-ல் அங்கே தொடங்கிய டி.பி. ஆய்வு மையம், நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியம் என்ற டி.பி. மருத்துவமனையில் வைத்தது. மீதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான வீடு, சத்தில்லாத சாப்பாடு. அப்படியும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் அந்த முடிவு வெளிவந்தது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. உலகமே அதன்பின் வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது. நம் சென்னையில் நிரூபித்த விஷயம் இது!

யாரிடம் சொல்வது? கூட வசிப்பவர்களிடம் கட்டாயம் சொல். அவர்களுக்கும் பரிசோதனை வேண்டும், குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்தும் தேவைப்படும். தெருவுக்குச் சொல்ல வேண்டிய கடமை உனக்கில்லை. வரன் பார்க்கிறார்கள் என்றால், மருந்து முடியும்வரை கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல். மறைத்துக் கட்டிக்கொண்டு போனால் புகுந்த வீட்டில் மாத்திரையையும் ஒளித்துத்தான் போட வேண்டும், அங்கேதான் விட்டுப்போகும். ஏற்கெனவே கல்யாணமானவளா? டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். வெட்கப்படாமல் டாக்டரிடம் வேறு வழி கேள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பதறாதே, அதே ரிஃபாம்பிசின்தான். பசி எடுக்கவில்லை, கண் மஞ்சளாகிறது என்றால் உடனே டாக்டரைப் பார். காரணமே இல்லாமல் அழுகை வருகிறதா, தூக்கம் போய்விட்டதா? அதையும் இருமலைச் சொல்வது போலவே சொல். நோயால் வரலாம், சில மருந்தாலும் வரலாம். நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே. பேச ஆள் இல்லாத நேரத்தில் 1800-11-6666 என்ற இலவச டி.பி. உதவி எண்ணுக்குக் கூப்பிடு.

டி.பி. நோயாளியின் சாப்பாட்டுக்கென்று அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. உன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கைக் கொடு. அந்தப் பணத்தில் முட்டையும் பயறும் வாங்கி, நீ சாப்பிடு.