அரிக்கமேடு சொன்ன பாடம்

புதுச்சேரி அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரை. செங்கல் சுவரைப் பார்த்ததும், "ரோமானியர் கட்டியது!" என்று டேப்பை விரித்தேன். வழிகாட்டியாக வந்த ஆசிரியர் சிரித்துவிட்டார். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டியதாம்!

பழைய துறைமுகம் மண்ணுக்குள்ளே. 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியச் சிவப்புத் தட்டுகளின் உடைசல் கிடைத்தது. சிலவற்றில் பட்டறைக்காரர் பெயர் முத்திரை. அத்தட்டுகளின் காலம் இத்தாலியில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் வயது தெரிந்தது: ஏறத்தாழ 2000 ஆண்டு. கண்ணாடியிலும் கல்லிலும் பாசிமணி செய்த ஊர் அது.

வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். திருத்தங்கலில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். ஒட்டிக்கொண்டே கேட்டார்: "பட்டறைக்காரர் பேரு இருக்கு, சரிய்யா. பாசி செஞ்சவுக பேரு?"