வரமும் வரம்பும்

அன்புள்ள தங்கைக்கு,

சிறுவர்களுக்காக மிகுபுனைவு எழுதத் தொடங்கியிருக்கிறாய். பேசும் மரம், பறக்கும் கட்டில், மந்திரக் கண்ணாடி என்று உன் கற்பனையில் எதற்கும் குறைவில்லை. உனக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். உன் கதையில் மாயத்தால் என்னென்ன முடியும் என்று யோசிப்பதற்கு முன்னால், என்ன முடியாது என்பதைத் தீர்மானித்துக்கொள். இந்த இலக்கிய வகை உயிர் வாழ்வது அந்த 'முடியாது' என்ற இடத்தில்தான். இது மேல்நாட்டிலிருந்து வந்த பாடம் என்று எண்ணிவிடாதே. இரணியன் கதையை நினைத்துப் பார். பகலிலும் சாவில்லை, இரவிலும் சாவில்லை. வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. கேட்கிற குழந்தையின் மனம் அந்த வரத்தின் பெருமையில் நிற்பதில்லை. எங்கே இடைவெளி இருக்கிறது என்று தேடுகிறது. அந்திப் பொழுதும் வாசற்படியும் வந்து சேரும்போது அதற்குக் கிடைக்கும் நிறைவு, வரத்தின் எல்லை முன்பே சொல்லப்பட்டதால் கிடைத்தது. தன் அரசனுக்குக் கிடைத்த அரியணையில் ஆயிரம் ஆண்டு என்ற வரத்தை 'காடாறு மாதம், நாடாறு மாதம்' என்று பிரித்து இரண்டாயிரமாக்கிய மந்திரி பட்டியின் சாமர்த்தியமும் இதே வகைதான்.

அப்படியானால் நவீன மிகுபுனைவில் புதிதாக என்ன இருக்கிறது? வரம் வந்து இறங்கும் இடம் மாறியிருக்கிறது. அசுரனுக்கும் அரசனுக்கும் கிடைத்தது, பசி எடுத்தால் வீட்டுக்கு ஓடுகிற சாதாரணப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. 1902இல் ஈ. நெஸ்பிட் எழுதிய 'ஐந்து குழந்தைகளும் அதுவும்' நாவலில் சரளைப் பள்ளம் ஒன்றில் மணல் தேவதை அகப்படுகிறது. கேட்டதைக் கொடுக்கும், ஆனால் பொழுது சாய்ந்தால் கொடுத்தது மறைந்துவிடும். நெஸ்பிட் விதித்த சட்டம் இவ்வளவுதான். பிள்ளைகள் தங்கம் கேட்கிறார்கள். பள்ளம் நிறையப் பொற்காசு கிடக்கிறது. ஆனால் அது வழக்கொழிந்த பழங்காசு, கடைக்காரர் வாங்க மறுக்கிறார். சிறகு கேட்டுப் பறக்கிறார்கள். மாதா கோவில் கோபுரத்தின் உச்சியில் தூங்கிப்போய் விழித்தால் சூரியன் மறைந்திருக்கிறது, சிறகும் இல்லை. சூரிய அஸ்தமனம் என்ற ஒரே விதிதான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதையை நகர்த்துகிறது. சிறகு நிரந்தரமாக இருந்திருந்தால் அந்தக் கோபுரக் காட்சியே பிறந்திருக்காது.

விதி என்பது தடையாக மட்டும் இருந்தால் போதாது. அதிலிருந்து ஒரு குடித்தனமே முளைக்க வேண்டும். மேரி நார்டன் 1952இல் வெளியிட்ட 'தி பாரோவர்ஸ்' நாவலை இதற்காகவே ஊன்றிப் படி. ஒரு பழைய வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் மிகச் சிறிய மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்களிடம் மந்திரம் எதுவும் கிடையாது. மேலே உள்ளவர்கள் தவறவிட்டதை 'இரவல்' எடுத்துப் பிழைக்கிறார்கள். சிவப்பு மையொற்றுத் தாள் அவர்களுக்குக் கம்பளம். ராணியின் தலை பதித்த தபால்தலை சுவரில் மாட்டிய ஓவியம். குப்பைக்கூடையிலிருந்து எடுத்த பழைய கடிதங்களைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள் அந்தக் குடும்பத்தின் தாய் ஹோமிலி. கையெழுத்து வரிகள் மேலிருந்து கீழாகக் கோடு போட்டதுபோல் தெரிகின்றன. ஒரு குடும்பத் தலைவியின் ரசனை முழுவதும் அந்தத் திருப்பலில் இருக்கிறது. இவர்களுக்கு ஒரே சட்டம், மனிதர் கண்ணில் படக் கூடாது. பட்டுவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரை விட்டே போக வேண்டும். பொம்மைத் தேநீர்க் கோப்பையோடு திரைச்சீலையில் தொங்கிக்கொண்டிருக்கும் தந்தை பாட் என்பவரைச் சிறுவன் ஒருவன் பார்த்துவிடுகிறான். கத்தவில்லை, கோப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு, பாட் இறங்கியதும் திருப்பிக் கொடுக்கிறான். அவன் செய்வது சிறு உதவி. ஆனாலும் நமக்கு நெஞ்சு பதறுகிறது, சட்டம் உடைந்துவிட்டது என்று தெரிவதால்.

'குழந்தைகள்தானே, என்ன சொன்னாலும் நம்புவார்கள்' என்று உன்னிடம் சிலர் சொல்லக்கூடும். நம்பாதே. தெருவில் பாண்டி ஆடும் பிள்ளைகளைக் கவனி. கட்டத்தை அவர்களேதான் வரைந்தார்கள், விதியையும் அவர்களேதான் வைத்தார்கள். ஆனால் கோட்டில் கால் பட்டவளை விட்டுவிடுவார்களா? கற்பனை விதியை மிகக் கண்டிப்போடு காப்பவர்கள் குழந்தைகள். இரண்டாம் அத்தியாயத்தில் பறக்க முடியாது என்று சொன்ன கட்டில் பத்தாம் அத்தியாயத்தில் உன் வசதிக்காகப் பறந்தால், முதலில் புத்தகத்தை மூடுபவள் எட்டு வயதுக்காரிதான்.

விதி என்று பேசினால் கற்பனை செத்துவிடாதா, ஆலிஸுக்கு என்ன விதி இருந்தது என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆலிஸின் கதையை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். 1871இல் வந்த இரண்டாவது ஆலிஸ் புத்தகத்தைச் சதுரங்க ஆட்டத்தின் மேல் கட்டி, காய் நகர்வுகளைப் புத்தகத்தின் முகப்பிலேயே அச்சிட்டார். சிப்பாயாகப் புறப்படும் ஆலிஸ் எட்டாம் கட்டத்தில் ராணியாகிறாள். தலைகீழான உலகத்துக்கும் தனக்கென ஒரு கணக்கு உண்டு.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. மிகுபுனைவு குழந்தையை நிஜத்திலிருந்து ஓட வைக்கிறது என்பது அது. சிறைப்பட்டவன் தப்பிப்பதையும் போர்வீரன் களத்தை விட்டு ஓடுவதையும் ஒன்றாக்கிக் குழப்பாதீர்கள் என்று 1939ஆம் ஆண்டு உரையிலேயே டோல்கீன் இதற்கு விடை சொன்னார். எனக்கு அதைவிட வலுவான விடை, 'தி பாரோவர்ஸ்' வந்த அதே 1952இல் அமெரிக்காவில் ஈ. பி. ஒயிட் எழுதிய 'சார்லட்டின் வலை'. அங்கே ஒரு சிலந்தி தன் வலையில் வார்த்தைகளை நெய்து, வெட்டுப்பட இருந்த பன்றிக்குட்டியைக் காப்பாற்றுகிறது. என்ன எழுதுவது என்று அதற்குத் தோன்றாதபோது எலிதான் சோப்புத்தூள் பெட்டியின் கிழிசலைக் கொண்டுவருகிறது. இவ்வளவு அற்புதம் செய்த சார்லட்டால் இலையுதிர்காலத்தைத் தாண்ட முடியவில்லை. முட்டையிட்டதும் ஓய்ந்துபோய், ஆளில்லாத பொருட்காட்சித் திடலில் இறந்துவிடுகிறது. 514 முட்டைகள் அடங்கிய பையைப் பன்றிக்குட்டி வாயில் கவ்விப் பத்திரமாகப் பண்ணைக்குக் கொண்டுபோகிறது. எழுதத் தெரிந்த சிலந்தி சாகாமலும் இருக்கும் என்று ஒயிட் எழுதியிருக்கலாம், யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். எழுதவில்லை. தோழி சாவாள், அவளுக்காகச் செய்யவேண்டிய வேலை மிச்சமிருக்கும் என்பதை ஒரு பிள்ளைக்கு இவ்வளவு நேர்மையாகச் சொன்ன யதார்த்தக் கதைகள் குறைவு. நிஜத்திலிருந்து ஓடுகிறவர் எழுதக்கூடிய பக்கமல்ல அது.

ஆகவே உன் பறக்கும் கட்டிலுக்கு வருவோம். அது எத்தனை பேரைத் தாங்கும்? மழையில் நனைந்தால் என்ன ஆகும்? காலையில் பாட்டி மெத்தையை வெயிலில் காயப்போட்டுவிட்டால் அன்றிரவு பறக்குமா? பதிலை நோட்டில் எழுதி வைத்துக்கொள். கதையில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. நீ தீர்மானித்த எல்லை அந்தப் பிள்ளைக்கு மிகவும் வேண்டிய ஒன்றை, ஊரில் இருக்கும் அம்மாவைப் போய்ப் பார்ப்பதை, தடுக்கிறதா என்று மட்டும் பார். தடுக்கிறது என்றால் அந்த அத்தியாயத்தை முதலில் எழுது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா