மிஞ்சிய படாக் கட்டையில் வீட்டு அலங்காரம்: 14 குறிப்புகள்

போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. ஆட்டோக்காரரிடம் சொல்லும்போது மட்டும் இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. இந்த ஊரில் ஒரு வீட்டில் கதவு நிலை மாற்றினாலே வாசலில் கால் மூட்டை கட்டைத்துண்டு சேர்ந்துவிடும். ரத்தச் சிவப்பில், கையில் எடுத்தால் கனக்கிற படாக். அதை அடுப்புக்கு அனுப்ப எனக்கு மனசு வந்ததில்லை. சாவி மாட்டி, ஊதுவத்திச் செருகி, டீ டம்ளர் வைக்கும் தட்டு, குங்குமப் பெட்டி என்று சின்னச் சின்னதாகச் செய்து பழகியதில் தெரிந்துகொண்டவை இவை. கெடுத்துத் தெரிந்துகொண்டவைதான் அதிகம்.

1. பில் முதலில், கட்டை பிறகு. மர ஃபர்னிச்சர் பட்டறை, கதவு ஜன்னல் ரிப்பேர் நடக்கும் வீடு, உடைந்த கட்டில் கால், பழைய மேசைப் பலகை இவைதான் நல்ல இடங்கள். 2002-ல் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்து தீவுகளில் மரம் வெட்டுவதை இறுக்கிய பிறகு, வெட்டு மிச்சத்துக்கும் மதிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் காசு கொடுத்தாலும் பில் வாங்கி வையுங்கள். காட்டோரம் விழுந்து கிடக்கிறதே, கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். வண்டூர் பக்கத்துக் கடல் தேசியப் பூங்காவில் இருந்து எதையும் எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பச்சைக் கட்டையாகவே மெயின்லேண்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

2. மரத்தை உறவுமுறையில் ஞாபகம் வையுங்கள். தீவு மரங்களின் பெயர்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் புதிதாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் எல்லாம் நம் சொந்தக்காரர்கள்தான். படாக், வேங்கைக்கும் செம்மரத்துக்கும் பங்காளி. கோகோ என்று இங்கே சொல்வது நம் வாகையேதான். பின்மா, பூமருதின் குடும்பம். சுக்லம், நீர்மருதும் கடுக்காயும் சேர்ந்த கூட்டம். மார்பிள் வுட் எனப்படும் கறுப்புக் கோடு போட்ட மரம், கருங்காலியின் தங்கை. சிவப்பு என்றால் படாக், கருத்த பழுப்பு என்றால் கோகோ, சாம்பல் வெளுப்பு என்றால் சுக்லம் என்று ஆரம்பிக்கலாம். கண்ணால் பார்த்துப் பழக வேண்டுமென்றால் சாத்தம் மில்லுக்குப் போங்கள். 1883-ல் தொடங்கிய அரசு மரஅறுவை ஆலை. அதன் வளாகத்து வன அருங்காட்சியகத்தில் தீவு மரங்களையும் அவற்றில் செய்த பொருள்களையும் வைத்திருக்கிறார்கள். மார்பிள் வுட் துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். தேடி அலைய வேண்டாம், மரமே அரிதாகிவிட்டது.

3. பழைய கட்டைக்குள் ஒடிந்த ஆணி ஒளிந்திருக்கும். ரம்பம் வைக்குமுன் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை நூலில் கட்டி, கட்டை மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். இழுத்தால் ஆணி.

4. ஓரத்து வெளிர் பாகத்தைக் கழித்துவிடுங்கள். படாக்கில் வைரம் பாய்ந்த சிவப்புப் பகுதியைப் பூச்சி எளிதில் தொடாது. வெளிர் ஓரத்தை உளுத்துப்போக வைக்காமல் பூச்சி விடாது. இரண்டு நிறமும் சேர்ந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். மேசை மேல் மாவு மாதிரி தூள் கொட்டத் தொடங்கும்போது அந்த அழகு போய்விடும்.

5. ஈரத்தை நிறுத்துப் பார்த்து அறியுங்கள். இந்தக் குறிப்புதான் முக்கியம். மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நான் முதலில் செய்த ஊதுவத்திச் செருகி பத்தே நாளில் வாயைப் பிளந்தது. பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகேறி வந்து எங்கள் வீட்டு வேலை பார்த்த தச்சர் தம்பி அதைக் கையில் வாங்கி, இரண்டு தட்டு தட்டி, "அக்கா, கட்டைக்கு இன்னும் ஈரம் ஆறலை. நீங்க அவசரப்பட்டுட்டீங்க" என்றார். அதன் பிறகுதான் சமையலறைத் தராசை இதற்கும் எடுத்தேன்.

கட்டை வந்த அன்றே அறுத்த இரண்டு முனைகளிலும் உருக்கிய மெழுகுவத்தியைத் தடவிவிடுங்கள். மரம் முனை வழியாகத்தான் வேகமாகக் காயும். வேகமாகக் காயும் இடத்தில்தான் வெடிக்கும். தேதியையும் எடையையும் பென்சிலால் கட்டை மேலேயே எழுதுங்கள். கட்டில் அடியில், துண்டுகளுக்கு இடையே சின்னக் குச்சி வைத்து, காற்றுப் போக அடுக்குங்கள். வெயிலில் போட வேண்டாம். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். என் துண்டு ஒன்று 540, 522, 511 கிராம் என்று இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் கட்டை தயார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மெல்லிய துண்டுகளுக்கு அவ்வளவு ஆகாது.

துல்லியம் வேண்டுமென்றால், கட்டையின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய வில்லை அறுத்து நிறுத்துக்கொள்ளுங்கள். ஓடிஜி அடுப்பில் 100 டிகிரியில், எடை குறைவது நிற்கும்வரை வைத்து, மறுபடி நிறுங்கள். 54 கிராம் 45 ஆனால் 9 கிராம் தண்ணீர். 9-ஐ 45-ஆல் வகுத்தால் ஈரம் 20 சதவீதம். இந்தத் தீவுக் காற்றில் என்ன காய வைத்தாலும் 15, 16-க்குக் கீழே இறங்குவது கஷ்டம். அது போதும்.

6. ஜனவரி முதல் ஏப்ரல். வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. மே மாதம் தென்மேற்கு தொடங்கி, வடகிழக்கும் சேர்ந்து டிசம்பர் வரை ஆளைவிடாது. அறுப்பது, செதுக்குவது எல்லாம் மழையிலும் செய்யலாம். ஒட்டுவதையும் பாலிஷ் போடுவதையும் மட்டும் காய்ந்த மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள்.

7. ஏசி அறைக்குப் போகும் பொருளென்றால் இடம் விட்டுச் செய்யுங்கள். சென்னையில் இருக்கும் தங்கைக்கு ஒரு தட்டு செய்து அனுப்பினேன். 15 செ.மீ. அகல அடிப்பலகையை நான்கு பக்கச் சட்டத்துக்குள் கோந்து போட்டு இறுக்கியிருந்தேன். ஒரு மாதம் கழித்து, "அக்கா, தட்டு நடுவுல கோடு விட்டுருச்சு, நான் கீழே போடவே இல்லை" என்று போன். அவள் மேல் தப்பே இல்லை. தீவில் 16 சதவீத ஈரத்தோடு இருந்த பலகை, ஏசி ஹாலில் 10-க்குக் கீழே காய்ந்து, அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்த்திருக்கிறது. சட்டம் விடவில்லை, பலகை கிழிந்துகொண்டது. படாக் மற்ற மரங்களைப் பார்க்கக் குறைவாகச் சுருங்கும் மரம், அதற்கே இந்தக் கதி.

இப்போது சட்டத்தின் உள்பக்கம் காடி எடுத்து, பலகையைக் கோந்து இல்லாமல் சொருகிவிடுகிறேன். காடிக்குள் பலகை சுருங்கலாம், ஊதலாம், யாருக்கும் சிரமமில்லை. நீளவாக்கில் மரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் எல்லா ஆட்டமும். அதனால் உள்ளங்கை அகலத்துக்குள் முடிகிற பொருள்களில் ஆரம்பித்தால் பாதித் தொல்லை குறையும்.

8. சின்னத் துண்டைக் கையில் பிடித்து மெஷினில் கொடுக்காதீர்கள். விரல் போனால் வராது. சி கிளாம்பில் இறுக்கி, கை ரம்பத்தால் அறுங்கள். கிளாம்பின் தடம் பதியாமல் இருக்க இடையில் ஒரு அட்டைத் துண்டு.

9. படாக் தூள் மூக்குக்கு எதிரி. மிளகாய் வறுத்த மாதிரி தும்மல் வரும், கண் எரியும். என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து தேயுங்கள். காயப்போட்ட வெள்ளைத் துணி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது அனுபவம்.

10. உப்புத்தாளுக்கு ஹவாய் செருப்பு. அறுந்துபோன ரப்பர் செருப்பிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, உப்புத்தாளை அதில் சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். 80, 120, 180, 220 என்று வரிசையாகப் போங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தின கீறல் பாலிஷில் பல்லிளிக்கும். 220 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நாரெல்லாம் முள் மாதிரி எழும். அதை அதே தாளால் லேசாக எடுத்துவிடுங்கள். படாக்கும் வெளிர் சுக்லமும் சேர்ந்த வேலையில் ஸ்பிரிட் தொட்ட துணியால் தூளைத் துடைக்கக் கூடாது. சிவப்பு கரைந்து வெள்ளையில் ஏறிவிடும். காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். அரக்கு பாலிஷும் ஸ்பிரிட்டில் கரைத்ததுதான், அங்கேயும் இதே கவனம்.

11. இரும்பு ஆணி வேண்டாம். கடல் காற்றில் துருப்பிடித்து, ஆணியைச் சுற்றி மரம் கறுக்கும். சாவி மாட்டிக்குப் பித்தளை ஸ்கிரூ நல்லது. ஆனால் பித்தளை மெத்தென்று இருப்பதால் இந்தக் கெட்டி மரத்தில் தலை திருகிக்கொண்டு உடையும். ஸ்கிரூவின் நடுத்தண்டு கனத்துக்கு முதலில் துளை போடுங்கள். அதே அளவு இரும்பு ஸ்கிரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி மரை வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு மெழுகு தடவிய பித்தளையைக் கையால் திருகினால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். கோந்து வாங்கும்போது தண்ணீர் தாங்கும் வகையாகக் கேளுங்கள், ஃபெவிகால் மெரைன் மாதிரி. சாதா வெள்ளைக் கோந்து ஈரம் பட்டால் இளகும்.

12. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். இங்கே வீட்டுக்கு வீடு தென்னை இருப்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் செய்வார்கள். அன்றைக்குப் பளபளக்கும். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது. பிசுக்குப் பிடித்து, தூசி ஒட்டி, சிக்கு வாடை வரும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து படலமாகும். மூன்று பங்கு ஆளி எண்ணெய், ஒரு பங்கு தேன்மெழுகு. கொதிக்கும் தண்ணீருக்குள் கிண்ணம் வைத்து உருக்கி ஆறவிட்டால் வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும். துணியால் மெல்லியதாகத் தேய்த்து, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மூன்று கை. அந்தத் துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயவிட்டு, பிறகு போடுங்கள்.

13. கொலுவுக்கு ஒரு ஜோடி பாச்சி. மரப்பாச்சியைச் செம்மரத்தில் செய்வது வழக்கம். அதன் பங்காளியான படாக்கிலும் பார்க்க அதே களை வரும். 10 செ.மீ. உயரம், 4 அகலம், 3 கனம். நார் மேலிருந்து கீழாக ஓடவேண்டும், குறுக்கே ஓடினால் கழுத்து ஒடியும். முன்பக்கம் பென்சிலால் உருவம் வரைந்து, கழுத்திலும் இடுப்பிலும் ரம்பத்தால் கால் அங்குலம் வெட்டு கொடுங்கள். தோளிலிருந்து கழுத்து வெட்டை நோக்கி உளியைத் தள்ளினால் சில்லு அந்த வெட்டோடு நின்றுவிடும், தலை தப்பும். மிச்சத்தை அரத்தால் உருட்டுங்கள். முகம் செதுக்க வராவிட்டால் விட்டுவிடுங்கள், பொட்டும் பட்டுத்துணியும் பார்த்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: மரப்பாச்சியை உரைத்துக் குழந்தைக்குத் தடவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. படாக் பாச்சியில் அதைச் செய்யக் கூடாது. வேங்கை டம்ளர் போல இதில் டம்ளர் கடைந்து தண்ணீர் குடிப்பதும் வேண்டாம்.

14. சிவப்பு நிலைக்காது. சில மாதங்களில் பழுப்புக்குத் திரும்பும், எந்த பாலிஷும் அதை முழுசாகத் தடுப்பதில்லை. ஜன்னல் வெயில் நேரே படாத இடத்தில் வைத்தால் மெதுவாக மாறும். தேய்த்த தூளை ஒரு பாட்டிலில் சேர்த்து வையுங்கள். ஓட்டை, இடுக்கு விழுந்தால் கோந்தோடு குழைத்து அடைத்துத் தேய்க்க அதே மரத்தின் தூளை மிஞ்சியது கிடையாது. என் தங்கையின் தட்டை அப்படித்தான் ஒட்டித் திருப்பி அனுப்பினேன். கிட்டே போய்ப் பார்த்தால் கோடு தெரியும்.