சாபத்தின் மேல் பழி போடாதீர்கள்

அன்புள்ள வாசக நண்பருக்கு,

பேஸ்பால் பற்றி எப்போதோ நான் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீளமாகக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 2004-ல் கோப்பை வென்ற கதையைப் படித்தீர்களாம். “ஒரு ஆட்டக்காரரை விற்ற பாவத்துக்கு ஓர் அணி 86 வருஷம் சாபத்தில் கிடந்தது என்கிறார்களே, அமெரிக்காக்காரர்களும் நம்மைப் போலத்தானா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சந்தேகமென்ன, நம்மைப் போலத்தான். தோற்றுக்கொண்டே இருப்பவனுக்குத் தன் வீட்டுக் கணக்கைப் புரட்டுவதைவிட ஜாதகத்தைப் புரட்டுவது எந்த ஊரிலும் சுலபம். ஆனால் அந்த சாபக் கதையை நீங்கள் அப்படியே நம்பிவிட்டால், 2004-ல் நடந்ததில் பாதி உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். அதனால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1918 வரை ரெட் சாக்ஸ் ஐந்து முறை வேர்ல்ட் சீரிஸ் வென்ற பெரிய அணி. 1920 ஜனவரியில் அதன் முதலாளி ஹாரி ஃப்ரேஸி, பேப் ரூத் என்ற அதிரடி ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றார். அதுவரை ஒரு கோப்பைகூட வாங்காத யாங்கீஸ், 2003-க்குள் 26 கோப்பைகளை அடுக்கிவிட்டது. பாஸ்டனுக்கு ஒன்றுமில்லை. 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை இறுதியான வேர்ல்ட் சீரிஸுக்கு வந்து, நான்கு முறையும் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் தோற்றது (ஏழில் நான்கை வெல்பவருக்கே கோப்பை). ரூத்துக்கு ‘பாம்பினோ’ என்று பட்டப்பெயர் உண்டு. பாஸ்டன் பத்திரிகையாளர் டான் ஷாக்னெஸி 1990-ல் ‘பாம்பினோவின் சாபம்’ என்ற பொருளில் ஒரு புத்தகமே எழுதினார். சாபம் ஊரெல்லாம் பரவியது அந்தப் புத்தகத்தால்தான். ரூத்தை விற்று எழுபது ஆண்டு கழித்து!

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

1945 ஏப்ரல் 16. பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் மூன்று கறுப்பின இளைஞர்களுக்குத் தேர்வு ஆட்டம் வைத்தார்கள். கறுப்பர்களை முதல்தர லீக்குகளில் சேர்க்காத காலம் அது. நகரசபை உறுப்பினர் ஒருவர் நெருக்கியதால், ஒப்புக்கு நடத்தப்பட்ட தேர்வு. மூவரும் நன்றாகவே ஆடினார்கள். தகவல் சொல்கிறோம் என்றார்கள், சொல்லவே இல்லை. அந்த மூவரில் ஒருவர் ஜாக்கி ராபின்சன். இரண்டே ஆண்டில், 1947-ல், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி, நிறத்தடையை உடைத்தவர் என்று வரலாற்றில் இடம்பிடித்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான். இன்னொருவர் சாம் ஜெத்ரோ. அவரும் 1950-ல் அதே பட்டத்தை வாங்கினார், அதுவும் பாஸ்டனிலேயே இருந்த பிரேவ்ஸ் அணிக்கு ஆடி.

ரெட் சாக்ஸ் முதல் கறுப்பின ஆட்டக்காரரான பம்ப்ஸி கிரீனைக் களமிறக்கியது 1959 ஜூலையில். ராபின்சன் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது இருந்த பதினாறு அணிகளில் இதுதான் கடைசி. 1967-ல் அவர்களைத் தோற்கடித்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியைப் பாருங்கள். மூன்று ஆட்டங்களைத் தனி ஆளாக வென்று கொடுத்த பிட்சர் (பந்து வீச்சாளர்) பாப் கிப்சன், ஏழு பேஸ்களைத் ‘திருடிய’ (இந்த வித்தையைப் பிறகு சொல்கிறேன்) லூ பிராக், இருவரும் கறுப்பினத்தவர். மற்ற அணிகள் கதவைத் திறந்து வைத்துத் திறமையை அள்ளிக்கொண்டிருந்த காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வீட்டில் தரித்திரம் குடியேறியதற்கு ரூத்தின் ஆவி எதற்கு?

“1959-க்குப் பிறகும் 45 வருஷம் தோற்றார்களே?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதில் கொஞ்சம் யாங்கீஸின் பணம், கொஞ்சம் சொந்த நிர்வாகக் கோளாறு, மீதி அதிர்ஷ்டம். ஏழாவது ஆட்டம் என்பதே யார் பக்கமும் சாயக்கூடியது. ஆனால் சாபக் கதை இதையெல்லாம் மூடிவிட்டு, பாவப்பட்ட மனிதர்களைத் தேடிப் பிடித்தது. 1986-ன் ஆறாவது ஆட்டத்தில் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் பில் பக்னரின் காலிடுக்கில் பந்து போய், ஆட்டமும் போனது. அதற்கு முன்பே ஸ்கோர் சமமாகியிருந்தது. இன்னொரு ஆட்டமும் பாக்கி இருந்தது. யார் கேட்டார்கள்? அந்த மனிதரை ஆண்டுக்கணக்கில் வாட்டி எடுத்தார்கள்.

இப்போது 2004-க்கு வருகிறேன்.

2002-ல் அணிக்குப் புது முதலாளிகள் வந்தார்கள். 28 வயது தியோ எப்ஸ்டைனைப் பொது மேலாளர் ஆக்கினார்கள். பில் ஜேம்ஸ் என்பவரை ஆலோசகராக அழைத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் டப்பா உணவு ஆலையில் இரவுக் காவல் வேலை பார்த்துக்கொண்டே பேஸ்பால் புள்ளிவிவரங்களைக் குடைந்து எழுதியவர் அவர். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களில் தேறுபவர் யார் என்று தேடினார்கள். டொமினிக்கன் நாட்டுக்காரரான டேவிட் ஓர்டீஸை மினசோட்டா அணி 2002 டிசம்பரில் கழற்றிவிட்டிருந்தது, இவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். 2004-ல் அவர் 41 ஹோம் ரன் அடித்தார். கெவின் மில்லரைப் பழைய அணி ஜப்பானுக்கே விற்றுவிட்டது. குறுக்கே புகுந்து தடுத்து வாங்கினார்கள். இவர்களுக்கு முன்பே அணியில் இருந்த டிம் வேக்ஃபீல்ட் 1995-ல் பிட்ஸ்பர்க் அணி நீக்கியவர். இவர்களுக்குப் பணமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆண்டு சம்பளப் பட்டியலில் யாங்கீஸ் முதலிடம், ரெட் சாக்ஸ் இரண்டாமிடம்.

ஜூலை 31 அன்று எப்ஸ்டைன் செய்த காரியம் ஊரையே கொதிக்க வைத்தது. ரசிகர்களின் செல்லப் பிள்ளை, இரண்டு முறை பேட்டிங்கில் லீக்கிலேயே முதலிடம் பிடித்த நோமர் கார்சியபாராவை சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார். பதிலுக்கு வந்த இருவர் ஃபீல்டிங்கில் கெட்டிக்காரர்கள். பந்தைப் பிடிக்கத் தெரியாமல் கோட்டைவிட்டுக்கொண்டிருந்த அணிக்கு அதுதான் மருந்து. அதே நாளில் சத்தமில்லாமல் இன்னொருவரும் வந்தார். டேவ் ராபர்ட்ஸ். ஜப்பானின் ஒகினாவாவில் பிறந்தவர். அப்பா கறுப்பின அமெரிக்க மரீன் படை வீரர், அம்மா ஜப்பானியர். பெரிய பேட்ஸ்மேன் இல்லை. வேகமாக ஓடுவார், அவ்வளவுதான்.

162 ஆட்டங்களில் 98 வெற்றி. பிரிவில் யாங்கீஸுக்கு அடுத்த இடம். இரண்டாமிடத்தாருக்கான வைல்ட் கார்டு வழியாக உள்ளே வந்து, லீக் இறுதியில் மறுபடி யாங்கீஸிடமே மாட்டினார்கள். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி; மூன்றாவதில் 19-8 என்று சொந்த மைதானத்திலேயே அவமானம். மூன்று தோற்ற பிறகு நான்கு வென்ற அணி அதுவரை பேஸ்பாலில் கிடையாது.

நான்காவது ஆட்டம், அக்டோபர் 17 இரவு. ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 4-3 முன்னிலை. பந்து வீசுபவர் மரியானோ ரிவேரா. கடைசி நேரத்தில் ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதில் அவருக்கு நிகர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மில்லருக்கு நான்கு பந்துகளைக் கட்டத்துக்கு வெளியே வீச, அவர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்துபோனார். மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா அவரை எடுத்துவிட்டு, ஓடுவதற்காக ராபர்ட்ஸை அனுப்பினார். அனுப்பும்போது ஒரு கண்ணடிப்பு. இரண்டாவது பேஸைத் ‘திருட’ச் சொல்லி வேறு உத்தரவே தேவைப்படவில்லை.

இந்தத் ‘திருட்டு’ உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். கிரிக்கெட்டில் ரன்னர் முனையில் நிற்பவர் பந்து வீசும் முன் கிரீஸை விட்டு நகர்ந்தால் பஞ்சாயத்து. பேஸ்பாலில் அது சட்டப்படி செல்லும் வித்தை. பிட்சரின் கை ‘வீட்டு’ப் பக்கம், அதாவது பேட்ஸ்மேன் நிற்கும் பக்கம், போகிறது என்று தெரிந்த கணத்தில் கிளம்பி, 90 அடி ஓடி, கேட்சர் எறியும் பந்து வந்து சேருமுன் இரண்டாவது பேஸைத் தொட வேண்டும். மூன்றரை விநாடிக்குள் முடிகிற விவகாரம். மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ராபர்ட்ஸ் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியும். ரிவேரா அடுத்தடுத்து மூன்று முறை முதல் பேஸுக்கே பந்தை எறிந்து அவரை மடக்கப் பார்த்தார். மூன்று முறையும் ராபர்ட்ஸ் பாய்ந்து திரும்பினார். குளிரில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த உடம்புக்கு அந்தப் பாய்ச்சல்களே பயிற்சியாகிப் போனது.

அடுத்த பேட்ஸ்மேன் பில் மியூலருக்கு ரிவேரா முதல் பந்தை வீசியதும் ராபர்ட்ஸ் ஓடினார். கேட்சர் போசாடாவின் எறி துல்லியம். இரண்டாவது பேஸில் யாங்கீஸின் ஜீட்டர் பந்தைப் பிடித்துக் கையுறையை இறக்குவதற்குள், தலை முன்னால் பாய்ந்த ராபர்ட்ஸின் கை பேஸில் இருந்தது. நூலிழை. அடுத்து மியூலர் அடித்த பந்து நடுவே சீறிப் போக, ராபர்ட்ஸ் வீடு வந்தார். 4-4. பன்னிரண்டாவது இன்னிங்ஸில், நள்ளிரவு ஒரு மணி தாண்டி, ஓர்டீஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். அதே தேதி இரவு ஐந்தாவது ஆட்டம், பதினான்கு இன்னிங்ஸ். அதையும் ஓர்டீஸே முடித்தார்.

ராபர்ட்ஸுக்கு இந்த வித்தையில் வழிகாட்டியவர் டாட்ஜர்ஸின் மோரி வில்ஸ். 1962-ல் ஒரே பருவத்தில் 104 பேஸ் திருடியவர். எல்லோரும் எதிர்பார்த்திருக்கும்போதே நீ ஓடியாக வேண்டிய நாள் ஒன்று வரும், அன்று தயங்காதே என்று சொல்லியிருந்தாராம். ராபின்சன் வந்த முதல் ஆண்டே பேஸ் திருடுவதில் லீக்கில் முதலிடம் பிடித்தார் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துப் பாருங்கள். 1945-ல் ஃபென்வே பார்க் திருப்பி அனுப்பியது அந்தக் கால்களைத்தான். 59 ஆண்டு கழித்து அதே மண்ணில் அணியைக் காப்பாற்றியது அதே வித்தை.

வேக்ஃபீல்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முந்தைய ஆண்டு இதே யாங்கீஸிடம் ஏழாவது ஆட்டத்தில் கடைசி ஹோம் ரன்னை வாங்கித் தோற்றவர். நான்காவது ஆட்டத்தைத் தொடங்க வேண்டியவர் அவர்தான். மூன்றாவது ஆட்டம் கைவிட்டுப் போனதும், மற்ற பிட்சர்களின் தோள் மிஞ்சட்டும் என்று தானே முன்வந்து, அடிவாங்கிக்கொண்டு மூன்று இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். தன் முறை போயிற்று. ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி மூன்று இன்னிங்ஸையும் அவரே வீசினார். அவருடைய நக்கிள்பால் சுழலாமல் தள்ளாடி வருவது. வழக்கமாகப் பிடிப்பவர் களத்தில் இல்லை. பதின்மூன்றாவது இன்னிங்ஸில் கேட்சர் வாரிடெக் மூன்று முறை பந்தை நழுவவிட்டார். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஆள் நிற்க, வேக்ஃபீல்ட் கடைசி ஆளை ஸ்டிரைக் அவுட் ஆக்கினார்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். ஆறாவது ஆட்டத்தில் கணுக்காலில் தையலும், காலுறையில் ரத்தமுமாக கர்ட் ஷில்லிங் வீசியது, ஏழாவதில் 10-3, பிறகு வேர்ல்ட் சீரிஸில் கார்டினல்ஸை 4-0 என்று துடைத்தது. அக்டோபர் 27, கோப்பை வென்ற இரவில் முழுச் சந்திர கிரகணம் வேறு! கடைசியாக அவுட் ஆனவரின் சட்டையில் எண் 3, அது பேப் ரூத் அணிந்த எண். சாபக் கட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

ராபர்ட்ஸ் அந்த ஆண்டின் நாக்-அவுட் சுற்றுகள் முழுவதிலும் ஒரு முறைகூட மட்டை பிடிக்கவில்லை. வேர்ல்ட் சீரிஸில் களத்துக்கே வரவில்லை. இன்று அவர் டாட்ஜர்ஸ் மேனேஜர். 2020, 2024, 2025-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ரெட் சாக்ஸ் 2007, 2013, 2018-லும் வென்றது. ஃபென்வே பார்க் வாசல் தெருவுக்கு, கதவைச் சாத்திவைத்த காலத்து முதலாளி டாம் யாக்கியின் பெயர் இருந்தது. 2018-ல் அணியே கேட்டுக்கொண்டதால் அதை மாற்றி, பழைய பெயரான ஜெர்ஸி தெரு என்றே வைத்துவிட்டார்கள். பரிகாரம் என்று எதையாவது சொல்வதென்றால் நான் இதைச் சொல்வேன்.

எந்த ஆட்டத்தை முதலில் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். பந்தைவிட்டு முதல் பேஸில் நிற்பவரைப் பாருங்கள். இனி யாராவது ஓர் அணிக்குச் சாபம் என்று சொன்னால், அந்த நிர்வாகம் யாரை வாசலோடு திருப்பி அனுப்பியது என்று முதலில் விசாரியுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் பணக் கணக்கைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால், ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்