மருத்துவம் முடிந்த மறுநாள்

சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் பேருந்தில் நம்மில் பலர் ஊருக்குப் போயிருக்கிறோம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பண்ணாரியில் இறங்கினால், சாலை நேராகிவிடும். தலைச்சுற்றல் மட்டும் உடனே நிற்பதில்லை. புற்றுநோய் மருத்துவம் முடிந்து வீடு திரும்புவோர் நிலையும் ஏறத்தாழ இதுவே.

சென்ற ஆண்டு என் தாயாருக்கு மருந்தேற்றும் சிகிச்சை நிறைவுற்றது. "இனி என்னம்மா கவலை?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் பொருளைத் தேடிக் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

புற்றுநோய் என்றாலே சாவு என்று அஞ்சிய நாளில், 1954-இல், டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். இன்று பிழைத்து வாழ்வோர் பலர். ஆதலின், பிழைத்தபின் வாழ்வது எப்படி என்பதும் ஒரு பாடமாகிவிட்டது.

அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன், தாமே புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டவர். 1985-இல் அவர் எழுதிய கட்டுரை, பிழைத்தோர் வாழ்வை மூன்று பருவங்களாகப் பிரித்தது. நோய் தெரிந்து மருத்துவம் நடக்கும் காலம் முதலாவது. மருத்துவம் முடிந்து, நோய் மீளுமோ என்று காத்திருக்கும் காலம் இரண்டாவது. அவ்வச்சம் தணிந்து வாழ்வு நிலைபெறும் காலம் மூன்றாவது.

இவற்றுள் இரண்டாம் பருவத்தையே நாம் அறியாதிருக்கிறோம். மருத்துவம் நடக்கும்போது மருத்துவரும் செவிலியரும் உற்றாரும் சூழ்ந்திருப்பர். முடிந்ததும் கூட்டம் கலையும்; அச்சம் தங்கிவிடும். சிறு இருமலும் பெருங்கலக்கம் தரும். பரிசோதனை நாள் நெருங்க நெருங்க உறக்கம் போகும். உடற்சோர்வோ, உறங்கினால் தீரும் சோர்வன்று. பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கூட நீடிக்கும். சில மருந்துகள் நரம்பைத் தாக்குவதால் விரல் மரத்துப்போகும். ஊசியில் நூல் கோப்பதும் அரிதாகும். இதைச் சோம்பல் என்பது அறியாமை அன்றோ?

செய்யத்தக்கது என்ன? படுத்தே கிடந்தால் சோர்வு வளரும். நாள்தோறும் சிறிது நடந்து, மெல்ல மெல்லக் கூட்டினால் குறையும் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பரிசோதனை நாளைத் தவறவிடலாகாது. நீங்காத புதிய தொல்லை எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2012 மார்ச்சில் சிகிச்சையை முடித்தார். பெங்களூரில் பயிற்சி பெற்று, செப்டம்பர் 11 அன்று சென்னையில் நியூசிலாந்தை எதிர்த்து மீண்டும் ஆடினார். 34 ஓட்டம் எடுத்தார். இந்தியா 1 ஓட்டத்தில் தோற்றது. ஆயினும் அவரை வரவேற்ற ஆரவாரம் பெரிது. ஆனால், எல்லாரும் ஆறு மாதத்தில் களமிறங்க வேண்டும் என்று இதைக் கொண்டு அளத்தல் தவறு. அவரவர் உடலுக்கு அவரவர் காலம் உண்டு.

தோழர்களே! நாளை நம் வகுப்புக்கே ஒருவர் இவ்வாறு திரும்பி வரலாம். "எல்லாம் சரியாகிவிட்டதே!" என்று அவர் வாயை அடைக்காதீர்கள். குறிப்பேட்டைக் கொடுங்கள், படியேறும்போது அவர் நடைக்கு உங்கள் நடையைக் குறையுங்கள், அவர் பேசினால் கேளுங்கள்.

இப்போது விடுமுறைக்குச் சென்றால், "கவலை வேண்டாம்" என்று நான் சொல்வதில்லை. "இன்று எப்படி இருக்கிறதம்மா?" என்று கேட்கிறேன். அம்மா பேசுகிறார். பிறகு இருவரும் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருகிறோம்.